சம்பாவுக்குப் பின் உளுந்தா, கோடை நெல்லா?

மன்னார்குடி உழவன்:
ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் எங்கள் ஊரில் சம்பா அறுத்த கையோடு கோடை நெல் நடவுக்கு இறங்கிவிடுகிறார்கள். தரிசில் உளுந்து தெளிப்பதை (நெல் அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் விதையைத் தூவிவிடுவதை) நாமும் நிறுத்திவிடலாமா என்று என் மகன் கேட்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நெல்வயல்:
நிறுத்தலாம் என்பதே என் கருத்து. உளுந்து மண்ணுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கிறது என்பது பாதி உண்மைதான். வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்த சத்தில் பெரும்பகுதி மணியோடு களத்துக்குப் போய்விடுகிறது; செடியை வேரோடு பிடுங்கினால் மிச்சமும் போய்விடுகிறது. அறுவடை இயந்திரத்தின் பெல்ட் ஏறிய தடங்களில் முளைவிட்ட உளுந்து நசுங்கி, வயல் சொட்டை சொட்டையாகக் கிடப்பதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மண் பரிசோதனை செய்து, இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையை அறியும் இலை வண்ண அட்டையைப் பார்த்து யூரியாவைப் பிரித்து இட்டு, ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டும் போட்டால் மூன்றாம் போகமான கோடை நெல் மண்ணைக் கெடுத்துவிடாது.

வண்டல்:
வேரோடு பிடுங்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பயிரையே கைவிடச் சொல்வதை ஏற்க இயலவில்லை. நாங்கள் அரிவாளால் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடுகிறோம். பூக்கும் தருணத்தில் ஒரு செடியைத் தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

தாங்கள் சொல்லும் துத்தநாகக் குறையே இடைவிடாமல் நீர் தேக்குவதால் வலுப்பது. காற்றுப் புகாத சேற்றில் துத்தநாகம் வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மண் காய்ந்து வெடித்து மூச்சுவிட வேண்டாமா? தரிசு உளுந்து, சம்பா விட்டுச்சென்ற ஈரத்திலும் பனியிலுமே 70, 75 நாளில் விளைந்துவிடுகிறது.

சாம்பல் சத்தை, அதாவது பொட்டாஷைப் பற்றித் தாங்கள் எதுவுமே சொல்லவில்லை. நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது; அந்த வைக்கோலைத்தான் உருளைகளாகக் கட்டி லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். மூன்று போகமும் நெல் என்றால் மூன்று முறை ஏற்றுகிறோம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது பொட்டாஷ் வாங்க யாருக்கும் கை வருவதில்லை என்பதே என் பெருங்கவலை.

நெல்வயல்:
வைக்கோல் பற்றித் தாங்கள் சொல்வது நியாயம். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் குத்தகையை நெல்லாக அளக்க வேண்டிய ஒருவருக்கு, பங்குனியில் ஒரு மழை பெய்தால் காயோடு அழுகிவிடும் உளுந்தை எந்தத் துணிவில் பரிந்துரைப்பது? மண்ணின் நலத்துக்கான செலவைக் குத்தகைதாரர் மட்டுமே சுமக்கக் கூடாது.

வண்டல்:
அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நில உரிமையாளரும் அதில் பங்கேற்க வேண்டும்.

மன்னார்குடி உழவன்:
இருவருக்கும் நன்றி. என்னுடையது சொந்த நிலம். ஆகவே மேட்டு வயலில், அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஆடுதுறை 3 ரக உளுந்தைத் தெளிக்கிறேன். நீர் வடியாத பள்ள வயலில் உளுந்து நிற்காது; அங்கே கோடை நெல்லும் வேண்டாம். கோடை மழை கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டை (பசுந்தாள் உரப் பயிர்) விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழப்போகிறேன். அந்த வயலின் வைக்கோலையும் இம்முறை விற்கப்போவதில்லை.