பெர்லின் வந்து ஆறு வாரம், இன்னும் வழி தவறுகிறது. யாராவது சொல்லுங்கள்

மாசிவீதிக்காரன்:

வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க அக்டோபரில் பெர்லின் வந்தேன், வெடிங் பக்கம் அறை. மதுரையில் கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேருவேன். இங்கே வாரத்துக்கு இரண்டு முறை தொலைந்து போகிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

ஒன்று: வகுப்புக்கு ரிங்பானில் (ஊரைச் சுற்றி ஓடும் ரயில்) யுங்ஃபெர்ன்ஹைட நிலையம் போய் மாற வேண்டும். எந்த ரயிலைப் பார்த்தாலும் பலகையில் 'ரிங்' என்றுதான் இருக்கிறது, கடைசி நிலையத்தின் பெயரே இல்லை. முதலில் வந்ததில் ஏறினேன். தலையைத் தூக்கினால் ஊரின் எதிர்ப்பக்கம், ஓஸ்ட்க்ராய்ட்ஸ். இது மூன்று முறை நடந்துவிட்டது.

இரண்டு: தீபாவளிக்குப் பாங்கோவில் இருக்கும் நண்பர் சாப்பிடக் கூப்பிட்டார். முகவரி பெர்லினர் ஸ்ட்ராஸ. யூ-பான் (சுரங்க ரயில்) வரைபடத்தில் அதே பெயரில் நிலையம் இருக்க, அங்கே போய் இறங்கிவிட்டேன். அவர் சொன்ன பேக்கரியும் இல்லை, ஒன்றும் இல்லை. போனில் 9 சதவீதம் இருந்தது, குளிரில் ஐந்தே நிமிடத்தில் அணைந்துவிட்டது. கையில் அதிரச டப்பாவோடு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு அறைக்கே திரும்பினேன். அம்மா போனில் "எங்கப்பா இருக்க?" என்றதற்கு, நண்பர் வீட்டில் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன்.

மூன்று: வேறொரு தெருவில் 24-ஆம் எண் வீட்டைத் தேடினேன். 23 கிடைத்தது. எதிர்ப்பக்கம் போனால் நூற்றுக்கு மேல் ஓடுகிறது.

இப்போது நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வகுப்பு தவிர வெளியே போகவே யோசனையாக இருக்கிறது. எனக்குத்தான் திசை தெரியவில்லையா?

மேப்போதும்:

கூகுள் மேப்ஸ் கையில் இருக்கும்போது இதெல்லாம் ஒரு பிரச்சினையா? நீலப்புள்ளி எங்கே போகிறதோ அங்கே போக வேண்டியதுதானே.

ஷ்பேட்டி அக்கா:

மேப்போதும், தம்பியின் போன் அணைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாரே, படித்தீர்களா? நீலப்புள்ளியும் சுரங்கத்திலிருந்து மேலே ஏறியவுடன் தலைகீழாகத்தான் காட்டும். இருபது அடி நடந்த பிறகே அது நம்மை எந்தப் பக்கம் பார்க்க வைத்திருக்கிறது என்று தெரியும். எட்டு வருடம் இங்கே இருக்கிறேன், இன்னும் முதல் இருபது அடியை நான் நம்புவதில்லை.

தம்பி, உங்களுக்குத் திசை நன்றாகவே தெரிகிறது. இந்த ஊர் முகவரியை மதுரை முகவரி மாதிரி படிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ரிங்பான் ஒரு வட்டம், 37 கிலோமீட்டர், 27 நிலையம், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். வட்டத்துக்குக் கடைசி நிலையம் ஏது? அதனால் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எஸ்41 கடிகாரம் சுற்றும் திசை, எஸ்42 அதற்கு எதிர். மாசி வீதியில் தேர் எப்படி வரும்? வலமாகத்தானே? அதுதான் எஸ்41. வெடிங் வட்டத்தின் வடக்கே இருக்கிறது, யுங்ஃபெர்ன்ஹைட அதற்கு மேற்கே. வடக்கிலிருந்து மேற்கே போவது இடச்சுற்று. ஆக, காலையில் எஸ்42, சாயங்காலம் எஸ்41. தப்பாக ஏறினாலும் பதறாதீர்கள். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கூட ரயில் சுற்றிக்கொண்டு யுங்ஃபெர்ன்ஹைட வந்துவிடும், வகுப்பு மட்டும் போய்விடும்.

பெர்லினர் ஸ்ட்ராஸ கதை இங்கே எல்லோருக்கும் ஒருமுறை நடந்திருக்கும். 1920-இல் பக்கத்து நகரங்கள், 59 கிராமங்கள், 27 பண்ணை நிலப்பகுதிகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிய பெர்லினை உண்டாக்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் பெர்லினுக்குப் போகும் தெருவுக்கு அதே பெயர். சேர்த்த பிறகும் பல இடங்களில் அப்படியே விட்டுவிட்டார்கள். நீங்கள் இறங்கிய நிலையம் வில்மர்ஸ்டோர்ஃபில் இருப்பது. பாங்கோவுக்கு யூ2-இல் வினேட்டாஸ்ட்ராஸவில் இறங்குங்கள், மேலே ஏறினால் அதுதான் உங்கள் நண்பரின் தெரு.

இனிமேல் யார் முகவரி கொடுத்தாலும் முதலில் அஞ்சல் குறியீட்டைக் கேளுங்கள். பெர்லினர் ஸ்ட்ராஸ வில்மர்ஸ்டோர்ஃபில் இருந்தால் 107 என்று தொடங்கும், பாங்கோவில் 131, டேகலில் 135. தெருப்பெயர் அதற்கு அப்புறம்தான்.

நொய்கோல்ன் வாசி:

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். பழைய தெருக்களில் எண்கள் குதிரை லாடம் மாதிரி ஓடும். ஒரு பக்கம் 1, 2, 3 என்று தெருக்கோடி வரை போய், திரும்பி எதிர்ப்பக்கமாக வந்து முடியும். 23-க்கு அடுத்த கதவுதான் 24, ரோட்டைக் கடந்திருக்கவே வேண்டாம். பிற்காலத்துத் தெருக்களில் நம்மூர் மாதிரி ஒற்றை ஒரு பக்கம், இரட்டை மறுபக்கம். எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? தெருமுனைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். அந்தத் துண்டில் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். நான் அதைக் கவனிக்கவே ஒரு வருடம் ஆயிற்று. குர்ஃபூர்ஸ்டன்டாம் என்ற தெரு இன்னும் வேடிக்கை, அங்கே 1 முதல் 10 வரை வீடே கிடையாது, 11-இல்தான் தொடங்குகிறது. முதல் துண்டுக்கு 1925-இல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயரின் வாலையும் விடாதீர்கள். ஃப்ராங்ஃபர்ட்டர் டோர், ஃப்ராங்ஃபர்ட்டர் அல்லே இரண்டும் யூ5-இல் வரும் வெவ்வேறு நிலையங்கள், நடுவில் ஒரே ஒரு நிலையம்.

வீட்டைக் கண்டுபிடித்த பிறகு இன்னொன்று இருக்கிறது. இங்கே அழைப்பு மணியில் ஃப்ளாட் எண் இருக்காது, குடும்பப் பெயர்தான். நண்பர் யாரிடமாவது உள்வாடகைக்கு இருந்தால் அங்கே வேறு யார் பெயரோ ஒட்டியிருக்கும். எந்தப் பெயரை அழுத்த வேண்டும், முன்கட்டா பின்கட்டா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷ்பேட்டி அக்கா:

மறந்துவிட்டேன். போன் அணைந்தால் ஷ்பேட்டிக்குள் நுழையுங்கள், இரவு வரை திறந்திருக்கும் சின்னக் கடை. நம்மூர்ப் பெட்டிக்கடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார்கள். போனை வெளிப்பையில் வைக்காமல் உள்சட்டையோடு ஒட்டி வையுங்கள், சார்ஜ் கொஞ்சம் தாங்கும். முக்கியமான முகவரியை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் போடுங்கள். மதுரை மாதிரி அடையாளத்துக்குக் கோபுரம் இல்லையே என்றால் அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் டிவி கோபுரம் இருக்கிறது, 368 மீட்டர். மேகம் இறங்காத நாளில் அதைப் பார்த்தாலே நடு ஊர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் தம்பி. நானும் முதல் வருடம் இதே பொய்தான் சொன்னேன், குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

மாசிவீதிக்காரன்:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை வினேட்டாஸ்ட்ராஸவில் இறங்கினேன். எண் லாட முறைதான், நேராகப் போய்ச் சேர்ந்தேன். மணியில் ஷுல்ட்ஸ் என்று இருந்தது, முன்பே கேட்டு வைத்திருந்ததால் தயங்காமல் அழுத்தினேன். பின்கட்டு, நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை.

அதிரசம் கல்லாகிவிட்டது. நண்பர் காபியில் முக்கித் தின்றார். அம்மாவிடம் சொன்னேன், "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

எஸ்42-இல்தான் திரும்பினேன். இப்படி நாலரை மணிக்கு இருட்டுவதற்கு மட்டும் ஏதாவது வழி இருக்கிறதா?

நொய்கோல்ன் வாசி:

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். நல்ல டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.