லிஃப்ட் பம்பைப் பெரிதாக மாற்றுவதா, இருப்பதைச் சரிபார்ப்பதா?

டீசல்பிரியன்:
என் வண்டி 2001 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் 24 வால்வு கம்மின்ஸ், இன்ஜெக்‌ஷன் பம்ப் விபி44 (டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்புவது). டேங்கிலிருந்து டீசலை இழுத்து இதற்குத் தள்ளிவிடும் சின்ன மின்சாரப் பம்ப்தான் லிஃப்ட் பம்ப். ஃபில்டருக்கு அப்புறம் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன், ஐடிலில் (மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) 13 பிஎஸ்ஐ பிரஷர் காட்டுகிறது, டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் 6-க்கு இறங்குகிறது. மணிக்கு 150 கேலன் தள்ளும் பெரிய லிஃப்ட் பம்பை டேங்க் பக்கத்திலேயே சேஸியில் மாட்டலாமா, அல்லது பழைய மாதிரியே புதிதாக ஒன்று போட்டால் போதுமா? பவர் கூட்டும் சிப், பெரிய இன்ஜெக்டர் எதுவும் போடவில்லை.

சேஸி24:
யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். விபி44-க்குத் தனியாக ஆயில் கிடையாது, அதற்குள் ஓடும் டீசல்தான் அதற்கு மசகும், குளிர்ச்சியும். என்ஜின் எரிப்பதைவிட அதிகமான டீசல் அதற்குள் புகுந்து ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும், அந்த ஓவர்ஃபுளோ வால்வு திறப்பதே ஏறக்குறைய 14 பிஎஸ்ஐயில். 6-ல் ஓட்டுகிறீர்கள் என்றால் பம்பைச் சூட்டில் வைத்து வாட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, என்ஜின் பிளாக்கில் இருக்கும் உங்கள் லிஃப்ட் பம்ப் டேங்கிலிருந்து அவ்வளவு தூரம் டீசலை இழுக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி மின்சாரப் பம்புகள் நன்றாகத் தள்ளும், இழுப்பதில் பலவீனம். போதாததற்கு என்ஜினின் சூடும் அதிர்வும் வேறு.

ஸ்பேனர்:
அவசரப்பட வேண்டாம். 6 என்பது ஆபத்தான எண்தான், அதில் எனக்குச் சேஸி24-உடன் சண்டை இல்லை. ஆனால் அந்த 6 எதனால் வந்தது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. 235 குதிரைத்திறன் என்ஜின் முழு லோடில் மணிக்கு 50 லிட்டர்கூட எரிக்காது, 150 கேலன் என்றால் 560 லிட்டருக்கு மேல். ரிட்டர்னில் போவதைச் சேர்த்தாலும் உங்கள் வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு வண்டியில் பிரஷர் குறைகிறது என்று புதுப் பம்ப் போட்டேன், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, அப்புறம் அதே கதை, இன்னொரு பம்ப் போட்டேன், அதற்கும் அதே கதை, கடைசியில் டேங்க் மேலே இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றி அறுத்துப் பார்த்தால் உள்பக்கம் உரிந்து பாதி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பம்பும் வீணாகப் போயின. அதனால்தான் அளக்காமல் வாங்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

டூராமேக்ஸ்காரன்:
2001-லிருந்து 2010 வரை வந்த டூராமேக்ஸ் டீசல் என்ஜின் (ஜிஎம்) வண்டிகளில் கம்பெனியே லிஃப்ட் பம்ப் வைக்கவில்லை. அதன் இன்ஜெக்‌ஷன் பம்பான சிபி3 தானாகவே டேங்கிலிருந்து இழுத்துக்கொள்கிறது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் இருக்கின்றன. லிஃப்ட் பம்ப் விஷயத்தை எல்லோரும் மிகைப்படுத்துகிறோம் என்று நினைக்கிறேன்.

சேஸி24:
அந்த ஒப்பீடு இங்கே பொருந்தாது. சிபி3-யின் முதுகில் இழுப்பதற்கென்றே ஒரு கியர் பம்ப் இருக்கிறது, அதை நம்பித்தான் அந்த வண்டியை வடிவமைத்தார்கள். விபி44-க்குள்ளும் ஒரு வேன் பம்ப் உண்டு, ஆனால் தள்ளிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத்தான் அது. லிஃப்ட் பம்ப் செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஓடவும் செய்யும், டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் இதில் பயங்கரம். தெரியவரும்போது இன்ஜெக்‌ஷன் பம்ப் போயிருக்கும்.

டூராமேக்ஸ்காரன்:
சரி, விபி44 விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். இழுக்கும் பக்கம் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். அங்கே சின்ன விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பம்பை டேங்க் பக்கத்தில் வைத்தால் அதே விரிசலில் டீசல் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காக இடம் மாற்றுவதை ஆதரிக்கிறேன், அளவைப் பெரிதாக்குவதை இல்லை.

டீசல்பிரியன்:
ஸ்பேனர் அண்ணா, எப்படி அளப்பது என்று சொன்னால் இந்த வாரமே செய்கிறேன்.

ஸ்பேனர்:
ஃபில்டருக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை பிரஷர் பாருங்கள். முன்னால் நன்றாக இருந்து பின்னால் மட்டும் இறங்கினால் ஃபில்டர். இரண்டு பக்கமும் குறைந்தால் பம்ப் அல்லது அது இழுக்கும் லைன். அதைப் பிரிக்க, உங்கள் வண்டியில் ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டி, என்ஜின் ஓடாமல், சாவியை ஆன் நிலையிலேயே விட்டால் லிஃப்ட் பம்ப் சுமார் 25 வினாடி தானாக ஓடும். பம்பிலிருந்து வெளியே போகும் ஹோஸைக் கேனில் விட்டு அந்த 25 வினாடியில் எவ்வளவு டீசல் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அப்புறம் டேங்க் லைனைக் கழற்றி, பம்புக்குக் கீழேயே சுத்தமான டீசல் கேன் வைத்து அதிலிருந்து இழுக்கவிட்டு அதே மாதிரி அளங்கள். கேனிலிருந்து அதிகம் வந்தால் குற்றம் பம்பில் இல்லை.

பேஞ்ஜோ போல்ட்டுகளையும் (டீசல் லைன்களை இணைக்கும் துளையுள்ள போல்ட்டுகள்) பாருங்கள், அந்தத் துளைகள் மிகச் சின்னவை, முழு லோடில் அங்கேயே பிரஷர் விழும்.

டீசல்பிரியன்:
செய்துவிட்டேன். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒரு பிஎஸ்ஐதான் வித்தியாசம். கேனிலிருந்து இழுத்தபோது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு டீசல் வந்தது. டேங்க் மேலே இருந்த ஹோஸ் வெடித்திருந்தது, மாற்றினேன். இப்போது ஐடிலில் 14, ஏற்றத்தில் 9.

ஸ்பேனர்:
பார்த்தீர்களா, பம்பைத் தொடாமலே 3 பிஎஸ்ஐ வந்துவிட்டது. பேஞ்ஜோ போல்ட்டையும் மாற்றினால் 10-ஐத் தாண்டும்.

சேஸி24:
ஹோஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் 9 என்பது இன்றைய 9. பம்பின் வயசு கூடக்கூட இது இறங்கத்தான் செய்யும், டிரெய்லர் இழுப்பவருக்கு எல்லையில் நிற்பது போதாது. 150 வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன், 95 அல்லது 100 கேலன் பம்பாக டேங்க் பக்கத்தில் மாட்டட்டும், அரை இன்ச் லைன் போடட்டும்.

ஸ்பேனர்:
மாட்டுவதாக இருந்தால் தனி ரிலே, தனி ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். இந்த வண்டியில் லிஃப்ட் பம்புக்கு இசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நேரடியாகக் கரண்ட் கொடுக்கிறது, பெரிய பம்பை அதே வயரில் போட்டால் இசிஎம்மைக் கெடுத்துக்கொள்வீர்கள். பழைய வயர் ரிலேயை இயக்க மட்டும். இவ்வளவு சொன்ன பிறகும் நான் முதலில் பேஞ்ஜோ போல்ட்டைத்தான் மாற்றுவேன்.

டீசல்பிரியன்:
போல்ட் முதலில். அதற்கு அப்புறமும் ஏற்றத்தில் 10-க்குக் கீழே போனால் 100 கேலன் பம்ப், ரிலேயோடு. எது போட்டாலும் பிரஷர் குறைந்தால் எரிகிற மாதிரி டாஷ்போர்டில் ஒரு விளக்கு வைக்கப்போகிறேன், டிரெய்லரோடு போகும்போது கேஜையே பார்த்துக்கொண்டு ஓட்ட முடியாது.