தச்சுத் தொழிலாளர் சங்க நிர்வாகசபை: அனுபவமுள்ளோரின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் பதினைந்து ஆண்டுகளாகத் தளபாடப் பட்டறை நடத்திவரும் நான், எங்கள் பகுதித் தச்சுத் தொழிலாளர் சங்கத்தின் அடுத்த நிர்வாகசபைக்குத் தன்னார்வமாக முன்வர எண்ணியுள்ளேன். முதிரையோ பாலையோ தேக்கோ, மரத்தை ஏற்றி வருவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருப்பதால், தனித்தனியாக அலையும் சிறு பட்டறைக்காரருக்காகச் சங்கமே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உளி பிடித்த கைக்குக் கணக்கேடு புதிது. ஆனாலும் கற்றுக்கொள்ள மனமிருக்கிறது.

கூட்டக் குறிப்பு எழுதுவது, சந்தாப் பணத்தைக் கணக்காய்வுக்கு ஏற்றவாறு பேணுவது, குறிப்பாக, சங்கத்தின் விதிகளடங்கிய பழைய யாப்பைப் பொதுக்கூட்டத்தின் சம்மதத்துடன் திருத்துவது ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். மாதிரி யாப்பு வைத்திருப்போர் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். பட்டறையில் பழகும் இளம் பிள்ளைகளையும் உறுப்பினராகச் சேர்த்த சங்கங்கள், அவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தனவா?