மறு: பிளெப்புக்குக் ‘கொப்புளம்’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

கண் அழுத்த நோய் அறுவைக்குப் பின் வெண்விழியின் மேல் உண்டாகும் நீர் நிறைந்த சிறு புடைப்புதான் பிளெப் (bleb). அதற்குத் தமிழில் ‘கொப்புளம்’ என்பதே போதும் என்று குழுவில் ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். ஒரு நோயாளர் கையேட்டில் நானும் அதைத்தான் போட்டேன். மதுரையில் அறுவை முடிந்து வீடு திரும்பிய என் பெரியம்மா அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். “கொப்புளம்னு போட்டிருக்கியே, உடைச்சு விட்டாத்தானப்பா ஆறும்?” எனக்குப் பகீரென்றது. சூடுபட்டாலும் அம்மை போட்டாலும் வருவது கொப்புளம். அது வந்தால் போக வேண்டும். இது போகவே கூடாது.

1968-இல் கெய்ர்ன்ஸ் என்ற கண் மருத்துவர் விவரித்த டிராபெக்குலெக்டமி என்னும் இந்த அறுவையில், வெண்விழியில் சின்னதாக ஒரு வழி திறக்கிறார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் அதன் வழியே வெளிச்சவ்வுக்கு அடியில் வந்து, மேலிமைக்குள் மறைந்தாற்போல் லேசாகப் புடைத்து நிற்கும். அங்கிருந்து மெல்ல உறிஞ்சப்பட்டுப் போகும்.

‘நீர்க்குமிழி’ என்று இன்னொருவர் சொன்னார். நிலையாமைக்கு உவமையாகிப்போன சொல்லை நோயாளியிடம் எப்படிச் சொல்வது? ‘விழிக்குமிழ்’ என்றால் முழு விழியையே நினைப்பார்கள்.

என் பரிந்துரை ‘வடிகுமிழ்’. வடிகால், வடிகட்டி எல்லாம் புழக்கத்தில் இருப்பவைதானே. ஊறுகாய் போல வினைத்தொகை என்பதால் வடிந்த, வடிகின்ற, வடியும் என முக்காலமும் அதில் அடங்கும். (தயவுசெய்து ‘வடிக்குமிழ்’ என்று ஒற்றுப் போட்டுவிடாதீர்கள்.)

பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். உடனே, “வடியுதா அடைச்சிருக்கான்னு எப்படிப் பார்ப்பாக?” என்றார். படம்பிடிப்பின் கேள்வியே அதுதான். முன்கண் ஓ.சி.டி. (OCT) என்னும் படக்கருவி ஒளியைச் செலுத்திக் குமிழின் குறுக்குவெட்டைக் காட்டுகிறது. சுவர் தடித்து, மங்கலாக, உள்ளே நுண்ணிய நீர்ப்பைகளோடு அடுக்கடுக்காகத் தெரிந்தால் பெரும்பாலும் நீர் வடிகிறது. சுவர் பளிச்சென்று இறுகித் தெரிந்தால் தழும்பு கட்டுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அறுவை முடிந்த முதல் வாரங்களில் எடுக்கும் படத்தை வைத்தே பின்னாளில் அழுத்தம் கட்டுக்குள் நிற்குமா என்று கணிக்கப் பார்க்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்தால் தையலை லேசரால் தளர்த்தலாம், ஊசியால் தழும்பைக் கீறிவிடலாம்.

தழும்பால் அடைபட்டதற்கு ‘தூர்ந்த குமிழ்’ எனலாமா? கண்மாய் தூர்ந்துபோவதைப் பார்த்த நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். ‘செயலிழந்த குமிழ்’ என்பது அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு. சிலருக்குக் குமிழ் நன்றாக உப்பி நிற்கும், அழுத்தமோ குறையாது. படத்தில் பார்த்தால் உள்ளே நிறைய நீர், சுற்றிலும் இறுகிய சுவர். இதைத் தூர்ந்தது என்று சொல்ல மனம் வரவில்லை, நீர்தான் நிறைந்து கிடக்கிறதே! ‘கூடுகட்டிய குமிழ்’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். மடை அடைத்த கண்மாய்க்கு உங்கள் ஊரில் தனிச்சொல் ஏதும் இருந்தால் எழுதுங்கள். கையேடு மறுபதிப்புக்குப் போகுமுன் மாற்றிவிடலாம்.