இம்யூன் இம்ப்ரின்ட்டிங்: ‘முதல்தொற்றுத் தடம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் ஃப்ளூ பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘இம்யூன் இம்ப்ரின்ட்டிங்’ என்ற இடத்தில் தமிழ்ச் சொல் கிடைக்காமல் பேனா நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். குழந்தையை முதன்முதலில் எந்த ஃப்ளூ வைரஸ் தொற்றுகிறதோ, அதற்கென உருவான நினைவுச் செல்கள் ஆயுசுக்கும் தங்கிவிடுகின்றன. பிற்பாடு கொஞ்சம் மாறிய வைரஸ் வந்தாலும் முந்திக்கொண்டு கிளம்புபவை அவைதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். சில நேரம் இது கைகொடுக்கும், சில நேரம் காலை வாரும். 1968இல் ஹாங்காங் ஃப்ளூ (எச்3என்2) பரவுவதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் சந்தித்தது எச்1 அல்லது எச்2 வகை. மேற்புரத ஒற்றுமையை வைத்து ஃப்ளூ வைரஸ்களைக் குழுக்களாகப் பிரிப்பார்கள்; எச்5என்1 பறவைக் காய்ச்சலும் எச்1, எச்2 இருக்கும் அதே குழு. அதனால் அது பெரியவர்களை விட்டு இளவயதினரையே அதிகம் பிடித்தது. 2013இல் சீனாவில் வந்த எச்7என்9, எச்3 இருக்கும் குழு. அங்கே கதை தலைகீழ், முதியவர்கள்தான் மாட்டினார்கள்.

1960இல் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் தாமஸ் ஃபிரான்சிஸ் இதற்கு ‘ஒரிஜினல் ஆன்டிஜெனிக் சின்’ என்று பெயர் வைத்தார். கத்தோலிக்கர் சொல்லும் ஜென்மப் பாவம்தான். பச்சைக் குழந்தை என்ன பாவம் செய்தது? அதை விட்டுவிடலாம். ‘முதற்பதிவு’ என்றால் யாரோ வலைப்பூ தொடங்கிவிட்டார் என்று நினைப்பார்கள். ‘முதல்தொற்றுத் தடம்’ என்று வைக்கலாமா? தடத்துக்குச் சுவடு, வழி என்று இரண்டு பொருளும் உண்டு. செல்கள் பழைய வழியிலேயே போவதும் அதில் வந்துவிடுகிறது. (‘முதற்றொற்று’ என்று யாரும் திருத்த வேண்டாம், தயவுசெய்து.)

*

மறுமொழி:

ஐயா, ‘தடம்’ நன்று. ‘தொற்று’தான் இடிக்கிறது. ஆறு மாதம் முடிந்ததுமே ஃப்ளூ தடுப்பூசி போடலாம். தொற்று வருமுன் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்கு முதல் அறிமுகமே அந்த ஊசிதானே? அதனால் ‘முதலறிமுகத் தடம்’ என்றால் இரண்டும் அடங்கும். கொஞ்சம் நீளம்தான், ஒருமுறை முழுசாக எழுதிவிட்டு அப்புறம் ‘தடம்’ என்றே ஓட்டலாம். ‘நினைவுச் செல்’ என்று மட்டும் விடாமல் பி செல் என்று சேர்த்துவிடுங்கள். எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) சுரக்கும் செல்கள் அதிலிருந்துதான் வருகின்றன. டி செல் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்லின் நினைவு வேறு கணக்கு.