ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடும் இரண்டு ரிவ்யூவரும் எதிரெதிராகச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது?

கொழிஞ்சாம்பாறை வாசி:
பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு பற்றிய பேப்பர், ஜர்னலிலிருந்து மேஜர் ரிவிஷன் (பெரிய திருத்தம் செய்து மறுபடி அனுப்பச் சொல்வது) வந்திருக்கிறது. 30 சாம்பிள், எல்லாம் ஏப்ரலில் எடுத்தது. முதல் ரிவ்யூவர் மழைக்குப் பிறகும் எடுக்கச் சொல்கிறார். இரண்டாமவர், டேபிள் அதிகம், பாதியைத் தூக்குங்கள் என்கிறார். கெடு 60 நாள். யார் சொல்வதைச் செய்வதுங்க?

வாளையார் பாலம்:
ரிவ்யூவர் சொல்வது பரிந்துரைதான், முடிவு எடிட்டருடையது. அவர் கடிதத்தில் எதையாவது தனியாகச் சுட்டியிருந்தால் அதற்கே முதலிடம். சுட்டவில்லையென்றால் ரெண்டு வரி மெயில் போட்டு அவரையே கேளுங்க, தப்பில்லை.

டேபிள் விஷயம் லேசு: மூலத் தரவை இணைப்புக் கோப்புக்கு மாற்றி, சுருக்கத்தை மட்டும் பேப்பரில் வையுங்கள். மழைக்காலம் அப்படி இல்லை. பருவம் பக்கத்தில் இருந்தால் கூடுதல் அவகாசம் கேளுங்க, பெரும்பாலும் தருவார்கள். இல்லையென்றால் தலைப்பிலேயே 'கோடைக்கால' என்று சேர்த்து, ஆண்டு முழுவதற்கும் பொருந்துவதுபோல் எழுதிய வாக்கியங்களை வெட்டுங்கள். ஏன் எடுக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். காரணத்தோடு மறுக்கலாம், மழுப்பினால்தான் வம்பு.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே ஒட்டி, கீழே பதிலும் வரி எண்ணும். வரி எண் திருத்திய கோப்பினுடையதாக இருக்கணும். பழைய எண்ணைப் போட்டால் ரிவ்யூவர் தேடித் தேடி எரிச்சலாவார். 'திருத்திவிட்டோம்' என்ற ஒற்றை வரி பதிலே ஆகாது.

நீரும் கல்லும்:
அவர்கள் கேட்காவிட்டாலும் அயனிச் சமநிலைப் பிழையைக் கணக்கிட்டுப் பாருங்க. நேர், எதிர் அயனிகளின் மில்லிஈக்விவலென்ட் (மின்னூட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு) கூட்டல் ±5 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகணும். போகாவிட்டால் முதலில் பைகார்பனேட்டைச் சந்தேகப்படுங்கள்: பாட்டிலில் நாள்கணக்கில் கிடந்த நீரை டைட்ரேட் செய்தால் (அமிலம் சேர்த்து அளந்தால்) எண் மாறிவிடும். ஃபுளோரைடு வரம்பையும் தெளிவாக எழுதுங்க. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500:2012 லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் என்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5. ரெண்டையும் குழப்பினால் 'பாதித்த கிணறு' எண்ணிக்கையே மாறிப்போகும்.

கொழிஞ்சாம்பாறை வாசி:
நன்றிங்க. திருத்தியது அதே ரெண்டு பேருக்குத்தான் போகுமா?

வாளையார் பாலம்:
பொதுவாக ஆமாம். ஒருவர் ஒதுங்கினால் எடிட்டர் புதியவரைப் பிடிப்பார், அவர் புதுக் கேள்வி கேட்கலாம். ரெட்டை மறைப்பு ஜர்னல் (எழுதியவர் யார், ரிவ்யூவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் வைப்பது) என்றால் கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா, 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்று எங்காவது வருகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்க.