உயர் நீதிமன்றக் கட்டடப் பாணிக்குத் தமிழ்ப் பெயர்: கலைச்சொல் விவாதம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்துக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் தூணும் வளைவும் மாடமும் தாழ்வாரமும் அதிகச் சச்சரவின்றி முடிந்துவிட்டன. கட்டடத்தின் பாணிக்குரிய பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நாளிதழ்களும் பாடநூல்களும் இந்தோ-சாராசெனிக் என்றும், இந்தோ சரசானிக் என்றும், இந்தோ-சாரசனிக் என்றும் எழுதுகின்றன. ஒரே கட்டுரைக்குள் இரண்டு வடிவங்களைப் பார்த்ததும் உண்டு. ஒலிபெயர்ப்பே போதும், புதுச்சொல் எதற்கு என்று கேட்பவர்கள், எந்த ஒலிபெயர்ப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னால் நலம். எனினும் எழுத்துக்கூட்டு எனக்குப் பெரிய குறையன்று. அச்சொல்லின் பொருளே இக்கட்டடத்துக்குப் பொருந்தவில்லை என்பதே என் குறை.

சாராசென் என்ற பெயரைக் கிரேக்கரும் உரோமரும் முதலில் அரேபியப் பாலைநிலத்து மக்களில் ஒரு பகுதியினருக்கு வழங்கினர். சிலுவைப் போர்க் காலத்துக்குள் அது ஐரோப்பியர் நாவில் இசுலாமியர் அனைவருக்கும் உரிய பெயராகிவிட்டது; அப்பெயரால் குறிக்கப்பட்டவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. 1876இல் வெளிவந்த தம் கட்டடக்கலை வரலாற்றில் ஜேம்சு ஃபெர்குசன் ‘இந்தியச் சாராசெனிக்’ என்று பெயரிட்டது தில்லி சுல்தான்களும் பீசப்பூர் அரசர்களும் முகலாயரும் எழுப்பிய கட்டடங்களைத்தான். ஆங்கிலேய ஆட்சியின் பொறியாளர்கள் கட்டிய அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் அப்பெயர் பின்னர் இடம்பெயர்ந்தது. ஆக, ஒருமுறை தவறாகவும் மறுமுறை தளர்வாகவும் வழங்கிய பெயர் இது. இதை எழுத்தெழுத்தாகத் தமிழுக்குக் கொண்டுவருவதில் எனக்கு ஆர்வமில்லை.

இதுவரை வந்த பரிந்துரைகளில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

> இந்திய-இசுலாமியப் பாணி என்றே சொல்லிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்; ஆனால் வேறொன்றாகப் புரியும். அச்சொல் குதுப் மினாருக்கும் கோல் கும்பசுக்கும் தாசு மகாலுக்கும் உரியதாக ஏற்கெனவே நிலைபெற்றுள்ளது. 1892இல் திறக்கப்பட்ட ஒரு நீதிமன்றத்தையும் அதே பெயருக்குள் அடைத்தால், கட்டடத்தின் முன் நிற்கும் மாணவர் அதை ஆர்க்காட்டு நவாபு கட்டியதாக எண்ணுவார். சேப்பாக்கத்தில் அந்தக் குழப்பம் இன்னும் கூடும். அங்கே நவாபு முகமது அலி வாலாசாவுக்காக 1768இல் எழுந்த அரண்மனையும், பின்னாளில் அரசு அதைக் கையகப்படுத்தியபின் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசோம் வருவாய் வாரியத்துக்காகச் சேர்த்த பகுதிகளும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. நூறாண்டு இடைவெளியுள்ள இரு கட்டடங்களைப் பிரித்துச் சொல்லவாவது நமக்கு இரு சொற்கள் வேண்டும்.

> கலப்புப் பாணி. சுருக்கமான சொல், சண்டையும் இல்லை.

சண்டை இல்லாததற்குக் காரணம் அது எதையும் குறிப்பாகச் சொல்லாததுதான். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலும் கலப்பே. 1636 அளவில் எழுந்த அம்மாளிகையில் செங்கல்லும் சுதையும் கொண்டு எழுப்பிய பருத்த தூண்கள், அவற்றின்மேல் இதழ்விட்ட வளைவுகள், அதற்கும் மேலே நம் கோயில்களில் காணும் யாளிகளும் கொடிக்கருக்குகளும் ஒன்றாக வாழ்கின்றன. அது 1970 வரை மாவட்ட நீதிமன்றமாகவும் இயங்கியது. ஆகவே ‘கலப்புப் பாணியில் அமைந்த நீதிமன்றம்’ என்றால் மதுரையா சென்னையா என்று கேட்க வேண்டியிருக்கும். மதுரையில் ஓர் அரசன் தன் வாழ்விடத்துக்காகத் தன் காலத்துக் கொத்தர்களைக் கொண்டு செய்த கலப்பு வேறு. சென்னையில் வரைபட மேசைமேல் தீர்மானிக்கப்பட்ட கலப்பு வேறு. மதுரை மகாலைப் பழுதுபார்த்துக் காத்தவரும் அதே சிசோம்தான் என்பதும், அந்த அனுபவம் அவருடைய பிற்காலக் கட்டடங்களில் தெரிகிறது என்பதும் உண்மை. ஆனால் ஆசிரியரும் மாணவரும் ஒரே பெயரைத் தாங்கவேண்டும் என்பதில்லை.

> சாராசென் என்பதற்கு நம்மிடம் சோனகர் இருக்கிறதே. இந்திய-சோனகப் பாணி எனலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் நண்பரின் இந்தப் பரிந்துரையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் இதையே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யவனர் என்ற சொல்லின் வழியே தமிழில் உருவாகி, மேற்குக் கடல்வழி வந்த அரபியரைக் குறித்து நின்ற சொல் அது. பழைய இலக்கண உரைகள் அயல்நிலங்களை எண்ணும்போது சிங்களத்தை அடுத்துச் சோனகத்தை வைக்கின்றன. வெளியிலிருப்பவர் இட்ட பெயர் என்ற வகையிலும் சாராசெனுக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது. ஆனால் சோனகர் என்பது இன்று இலங்கையில் உயிருள்ள ஒரு சமூகத்தின் பெயர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இடம்பெறும் பெயர். ‘சோனகப் பாணி’ என்றதும் காலியிலோ பேருவளையிலோ காயல்பட்டினத்திலோ உள்ள பள்ளிவாசல்களும் வீடுகளும் நினைவுக்கு வருவதே முறை. அந்தக் கட்டட மரபுக்கென்று இச்சொல்லை எடுத்து வைத்திருப்போம். பாரிமுனையில் ஆங்கிலேயர் கட்டிய நீதிமன்றத்துக்கு அதைக் கொடுத்துவிட்டால் பிறகு திரும்பக் கேட்க முடியாது.

இனி, இப்பெயர் எதைச் சொல்லவேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்குச் சான்று நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே இரண்டு பழைய கலங்கரை விளக்கங்கள் உள்ளன. ஒன்று 1844இல் பணிக்கு வந்தது. கிரேக்க தோரிக் முறையில் கருங்கல்லால் எழுப்பிய தனித்தூண். மற்றொன்று நீதிமன்றக் கட்டடத்தின் மிக உயர்ந்த கோபுரம். ஏறத்தாழ 175 அடி உயரத்தில், உருண்டு திரண்ட கும்மட்டத்தைத் தாங்கும் அதன் உச்சியில் 1894இல் விளக்கேற்றினார்கள். 1977இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும்வரை அங்கிருந்துதான் கப்பல்களுக்கு ஒளி சென்றது. வேலை ஒன்றே, கடலும் ஒன்றே, ஆட்சி செய்தவர்களும் ஆங்கிலேயரே. முதல் விளக்குக்குக் கிரேக்க உடுப்பும் ஐம்பது ஆண்டுக்குப் பின் வந்த விளக்குக்கு முகலாய உடுப்பும் கிடைத்ததற்குக் காரணம், இடையில் 1857ஆம் ஆண்டு எழுச்சி நிகழ்ந்து, கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) ஆட்சி போய் அரசியின் ஆட்சி வந்ததும், புதிய ஆட்சி தன்னை முந்தைய இந்தியப் பேரரசுகளின் வாரிசாகக் காட்டிக்கொள்ள விரும்பியதும்தான். சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இசுலாமியக் கட்டட முறை அரசுக் கட்டடங்களுக்கு ஏற்றது என்று 1870ஐ ஒட்டி வெளிப்படையாகவே வாதிட்டார்.

உயர் நீதிமன்றத்தின் உள்ளே நடந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நீதிபதியின் உயர்ந்த மேடை, அதன்கீழ் வழக்கறிஞர்களின் இருக்கைகள், பொதுமக்களுக்கென்று விட்ட இடம், இவற்றைச் சுற்றி ஓடும் நீண்ட தாழ்வாரங்கள் ஆகிய பகுப்பு முழுவதும் இங்கிலாந்தின் நீதிமன்ற மரபு. வெளியே சிவந்த செங்கல் சுவரும் இதழ்வளைவுகளும் கும்மட்டங்களும் ஒல்லியான தூபிகளும் அதைப் போர்த்தியிருக்கின்றன. பிராசிங்டன் தொடங்கிய வரைபடங்களை விரித்து முடித்தவர் ஹென்றி இர்வின். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். இதே இர்வின்தான் 1888இல் சிம்லாவில் அரசப் பிரதிநிதிக்கு ஒரு மாளிகையை முழுக்க முழுக்க ஆங்கிலப் பிரபுக்களின் பழைய மாளிகைபோல் கட்டினார். பின்னர் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்தார். ஒரு தையற்காரர் கேட்பவருக்கேற்ப ஆடை வெட்டுவதைப்போல, அவர் பாணிகளைத் தேர்ந்தார். (இழித்துச் சொல்லவில்லை; நல்ல தையற்காரர்.)

எனவே என் பரிந்துரை: கீழைப்புனைவுப் பாணி. கீழை என்பது கீழைத்தேயம் என்ற வழக்கில் உள்ளதுபோல் ஐரோப்பியர் பார்வையிலான கிழக்கு; அவர்கள் கண்ட கிழக்கை அவர்களே சுவரில் புனைந்த பாணி இது. ‘நமக்கு நாம் எப்படிக் கிழக்காவோம்’ என்று யாரேனும் கேட்டால், அந்தக் கேள்வியைப் பெயர் எழுப்புவது நல்லதென்றே சொல்வேன். புனைதல் என்றால் அழகுசெய்தல். நெடுநல்வாடையில் வரும் ‘புனையா ஓவியம்’ வண்ணம் தீட்டப்படாத கோட்டோவியத்தைக் குறிப்பதை நினைவுகூரலாம்.

போகிற போக்கில் ஒன்று: பட்டியலில் குவிமாடம் என்று இருக்கும் இடங்களில் கும்மட்டத்தையும் சேர்க்க வேண்டுகிறேன். இக்கட்டடத்தின் மாடங்கள் கழுத்தில் ஒடுங்கி வயிற்றில் பருத்தவை; ‘குவி’ என்ற வினை அந்த வடிவத்தைக் காட்டவில்லை. கும்மட்டம் பாரசீகத்திலிருந்து வந்தது என்பதால் தள்ளவேண்டியதில்லை. வந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

அன்புடன்.

மறுமொழி:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தங்கள் மடலைக் கோலாலம்பூரில் இருந்து படித்தேன். எங்கள் ஊர்ச் சுல்தான் அப்துல் சமது கட்டடம் தங்கள் வாதத்துக்கு மேலும் வலுவூட்டும். 1897இல் அரசு அலுவலகமாகத் திறக்கப்பட்ட அக்கட்டடத்துக்கு கட்டடக் கலைஞர் நார்மன் முதலில் வரைந்தது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால முகப்பு. அரசுப் பொறியாளர் ஸ்பூனர் அதை விரும்பாமல் இசுலாமியச் சாயல் வேண்டும் என்றதால், பிட்வெல் முகப்பை மாற்றி வரைந்தார். அதன்பின் தாமிரக் கும்மட்டங்களும் குளம்பு வடிவ வளைவுகளும் வந்து சேர்ந்தன. சட்டையை மாற்றியது வரைபடத்திலேயே பதிவாகியிருக்கிறது. இங்கே சிலர் இதை மூரியப் பாணி (வட ஆப்பிரிக்க, ஸ்பானிய இசுலாமியக் கட்டட முறை) என்கிறார்கள். தங்கள் ‘கீழை’ அதையும் உள்ளடக்குவதால் எனக்கு ஏற்பே.

ஆனால் ‘புனைவு’ எனக்கு இடறுகிறது. சங்கச் செய்யுளில் அதற்கு என்ன பொருள் இருந்தாலும், இன்றைக்குப் புனைவு என்றால் கதை. புத்தகக் கடையில் அலமாரிக்கு மேலே எழுதியிருக்கும் சொல். ‘கீழைப்புனைவு’ என்று கேட்பவர் அரபுக் கதைகளின் மொழிபெயர்ப்பைத் தேடிப் போவார். ஆகவே பெயர்ச்சொல்லை விட்டு வினைத்தொகையாக்கி, கீழைப் புனைபாணி என்று சொல்லலாமா? புனைபெயர் என்ற சொல் எல்லோருக்கும் பழக்கம். ஒருவர் தமக்குரியதல்லாத பெயரை வேண்டுமென்றே பூண்டுகொள்வது. கட்டடம் தனக்குரியதல்லாத தோற்றத்தைப் பூண்டுகொள்வதற்கும் அதே அமைப்பு பொருந்தும். ஓர் அசையும் குறைகிறது.

இன்னொரு வேண்டுகோள்: தேடுபொறியில் மக்கள் இந்தோ-சாராசெனிக் என்றே தட்டுவார்கள். அந்த வடிவத்தைப் பதிவில் எங்கேனும் வைக்காவிட்டால் நம் சொல்லை யாரும் கண்டடைய மாட்டார்கள்.

நன்றியுடன்.

மறுமொழி:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

புனைபெயரை நான் நினைக்கவே இல்லை. என் மடலில் நான்கு பத்தியில் விளக்கியதை அந்த ஒரு சொல் செய்துவிடுகிறது. ‘புனைவு’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒலிபெயர்ப்பைப் பதிவில் வைப்பதற்கும் இசைகிறேன். மூன்று எழுத்துக்கூட்டுகளில் சாராசெனிக் என்பதை மட்டும் வைப்போம்.

சென்னையின் எல்லாப் பழைய அரசுக் கட்டடங்களையும் இப்பெயருக்குள் கொண்டுவந்துவிடாதபடி ஓர் எல்லையும் வேண்டும். 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை வெள்ளைத் தூண்களோடு நிற்கும் புதுச்செவ்வியல் கட்டடம். அது இதில் சேராது. சிசோம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டிய செனட் இல்லம் சேரும், பைசாந்தியச் (கிழக்கு உரோமப் பேரரசின்) சாயல் கலந்தது என்ற குறிப்புடன். மாற்றுக் கருத்து இல்லையேல் பட்டியலில் இவ்வாறு இடுகிறேன்:

கீழைப் புனைபாணி: பெயர்ச்சொல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் ஐரோப்பியத் தள அமைப்பின்மேல் முகலாய, தக்காண, இந்துக் கட்டடக் கூறுகளைப் பூட்டி எழுப்பிய கட்டடங்களின் பாணி. சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு எடுத்துக்காட்டு. வேறு வழக்கு: இந்தோ-சாராசெனிக். ஒப்பிடுக: இந்திய-இசுலாமியக் கட்டடக்கலை, புதுச்செவ்வியல் பாணி.

அன்புடன்.